ஜெர்மன் மொழியைப் பட்டப்படிப்பாக எடுக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் முதன்மைப் பாடமாக எடுக்க விரும்புவதாகவும், ஆறு மாத வகுப்பில் கற்றுவிடக்கூடிய ஒரு மொழிக்கு மூன்று நான்கு ஆண்டுகளைச் செலவிடுவது வீண் என்று தங்களுக்குத் தோன்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நியாயமான ஐயம்தான். ஆனால் அவளிடம் முதலில் கேட்க வேண்டியது வேறொன்று: அவளுக்கு வேண்டியது ஜெர்மனி என்ற நாடா, ஜெர்மன் என்ற மொழியா?

நாடுதான் வேண்டுமென்றால் இந்தப் பட்டம் சுற்றுவழி. பொறியியலோ செவிலியமோ கணினியோ படித்துக்கொண்டே மாலை வகுப்பில் பி2 நிலை (மொழித்திறனை அளக்கும் ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளில் நான்காவது) வரை மொழியைக் கற்பவருக்கு அங்கே வேலை தேடுவது, வெறும் மொழிப் பட்டத்தோடு போகிறவரைவிட எளிது. இதைச் சொல்லாமல் மறைத்துச் சேர்க்கையை ஊக்குவிப்பது ஆலோசகரின் வேலையாகாது.

மொழிதான் வேண்டுமென்றால், வகுப்புக்கும் பட்டப்படிப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் விடாமல் உழைப்பவர் ஏ2 நிலையை, சிலர் பி1 நிலையை எட்டுவார்கள். வீடு தேடவும் படிவம் நிரப்பவும் அது போதும். பட்டப்படிப்பின் உண்மையான வேலை அதற்கு மேலேதான் தொடங்குகிறது. ஒரு ஜெர்மன் நாளிதழில், அமைச்சர் தமக்கு அந்த விஷயம் தெரியும் என்று கூறியதைச் செய்தியாளர் எழுதும்போது, 'தெரியும்' என்பதற்கு வழக்கமான 'வைஸ்' என்ற வடிவத்தை விட்டு 'விஸ்ஸெ' என்ற வடிவத்தை எடுத்துக்கொள்கிறார். இது அமைச்சர் சொன்னது, உண்மைக்கு நான் பொறுப்பல்ல என்பது அந்த ஒரு வினைவடிவத்துக்குள் அடங்கிவிடுகிறது. நாம் 'அவருக்குத் தெரியுமாம்' என்று சொல்லும்போது அந்த 'ஆம்' செய்கிற வேலைக்கு இது ஏறக்குறைய நிகர். இதைக் கவனிக்காத மொழிபெயர்ப்பாளர், அமைச்சரின் கூற்றைச் செய்தித்தாளின் முடிவாக ஆக்கிவிடுவார். வணிகக் கடிதத்தில் வரும் 'எவென்டுவெல்' என்ற சொல்லும் அப்படித்தான்: ஆங்கில 'ஈவென்ச்சுவலி'யின் சாயலை நம்பி 'இறுதியில் சரக்கு வரும்' என்று எழுதிவிடலாம்; கடிதம் சொல்வதோ 'ஒருவேளை வரலாம்' என்பது. ஒப்பந்தத்தில் இந்தப் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, சாதாரண மொழிபெயர்ப்பைக் கணினி எடுத்துக்கொண்டு வருகிறது. கொலோன் நகரிலிருந்து 2017-இல் வெளிவந்த டீப்எல் என்ற கணினி மொழிபெயர்ப்புச் சேவை அதில் முக்கியமானது. மனிதரை நாடி வருவது பிழைக்கு விலை கொடுக்க நேரும் இடங்கள்: ஒப்பந்தம், மருந்து, நீதிமன்றம், காப்புரிமை. மியூனிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மூன்று அலுவல் மொழிகளில் ஜெர்மனும் ஒன்று. ஆனால் ஒரு வால்வைப் பற்றிய காப்புரிமையை மொழிபெயர்ப்பவருக்கு இலக்கணத்தோடு வால்வும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கல்லூரி இரண்டாம் பாடத்துக்கு இடம் கொடுக்குமானால், வணிகவியல், சட்டம், கணினி, உயிரியல் இவற்றில் எதையேனும் அவள் எடுத்துக்கொள்ளட்டும். இன்னொரு இலக்கியப் பாடம் வேண்டாம் என்பது என் கருத்து. இலக்கியத்தை நேசிப்பவன் என்ற முறையில் இதைத் தயக்கத்துடன்தான் எழுதுகிறேன்.

பலருக்குத் தெரியாத ஒரு சிறு துறையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஜெர்மானியர்கள் கடிதங்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் 'குரென்ட்' என்ற கையெழுத்து முறையில் எழுதிவந்தனர். 1941-இல் நாஜி அரசின் ஆணையால் அது பள்ளிகளிலிருந்து மறைந்தது. அதில் 'e' எழுத்து இன்றைய கண்ணுக்கு 'n' போலத் தெரியும். சொந்தப் பாட்டனாரின் கடிதத்தைக்கூட இன்றைய ஜெர்மானியர் பெரும்பாலோர் படிக்க இயலாது. பொறுமையுள்ள மாணவி சில மாதப் பயிற்சியில் இதைப் படிக்கத் தொடங்கிவிடலாம். ஆவணக் காப்பகங்களுக்கும் குடும்ப வரலாறு தேடுவோருக்கும் இத்தகையோர் தேவைப்படுகிறார்கள். ஆனால் இதை மட்டும் நம்பி யாரும் பட்டத்தில் சேர வேண்டாம்.

ஆசிரியப் பணியில் அவளுக்கு நாட்டமிருந்தால், 'அயல்மொழியாக ஜெர்மன்' என்பது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. லைப்சிக் பல்கலைக்கழகத்தின் ஹெர்டர் நிறுவனம் அதில் பெயர் பெற்றது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணமில்லை என்பதால் செலவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மாணவர் விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக இருந்தது, அது அவ்வப்போது உயர்த்தப்படுவது வழக்கம். 1925-இல் தொடங்கப்பட்ட டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு உதவித்தொகை வழங்குகிறது, ஆனால் போட்டி கடுமையானது.

பண்பாட்டுப் பாடத்தைப் பற்றி அவளுக்கு ஒரு எச்சரிக்கை தேவை. கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளை எண்ணி வருபவர்கள், இரண்டாம் ஆண்டில் யூத இனப்படுகொலையையும், 1949 முதல் 1990 வரை இரண்டாகப் பிரிந்து கிடந்த நாட்டின் எழுத்துகளையும் மாதக்கணக்கில் படிக்க நேரும். அந்தக் கனத்தைச் சிலர் தாங்குவதில்லை. ஜெர்மன் என்றால் ஜெர்மனி மட்டும் என்ற எண்ணமும் அப்போது உடையும். ஆஸ்திரியாவின் சொற்கள் வேறு. சுவிட்சர்லாந்தின் எழுத்துமுறையில் 'எஸ்ட்செட்' (ß) என்ற எழுத்தே இல்லை; பேச்சும் வேறு வட்டார வழக்கு. சூரிக்கில் இறங்கும் சி1 மாணவிக்கு ரயிலில் பக்கத்து இருக்கையின் பேச்சு முதல் வாரத்தில் புரியாமற்போனால் அது அவள் குறையன்று.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காதீர்கள். துறையில் நேரில் சென்று, இறுதியாண்டு வினாத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இலக்கியத் தாளுக்கான விடைகளை மாணவர்கள் ஜெர்மனில் எழுதுகிறார்களா, வேறு மொழியிலா? வேறு மொழியில் என்றால், பட்டம் கையில் இருக்கும், சி1 இருக்காது. சி1 இல்லாத பட்டத்துக்கு நான் மேலே சொன்ன கதவுகளில் பெரும்பாலானவை திறப்பதில்லை. அங்கே படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் கோதே நிறுவனத்தின் சி1 தேர்விலோ, ஜெர்மன் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான டெஸ்ட்டாஃப் மொழித் தேர்விலோ தேறினார்கள் என்பதையும் கேளுங்கள். எண்ணிக்கை சொல்லத் தயங்கும் துறையாக இருந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த வினாத்தாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்கிறதா, வாடுகிறதா என்பதை எனக்கு எழுதுங்கள். இரண்டாம் பாடத்தைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.