சம்மர்ஸ் மரணம்: கேஸ் யார் மேல?

வணக்கம் சார், 2014ல பந்து பட்டு செத்த ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் ஃபில் ஹியூஸ் பத்தி நீங்க எழுதினதுல ஜார்ஜ் சம்மர்ஸ்னு ஒரு பேர ஒத்த வரியில சொல்லிட்டு போயிட்டீங்க. தேடிப்பாத்தா 1870ல லண்டன் லார்ட்ஸ் கிரவுண்டுல பந்து பட்டு செத்தவர்னு இருக்கு. ஹெல்மெட்டே இல்லாத காலத்துல தலைக்கு குறி வச்சு போட்ட அந்த பவுலர் பிளாட்ஸ் மேல கேஸ் போட்டிருக்க வேணாமா?
ஆர்., கோவை

வணக்கம் ஆர்.,

கேஸ் போடறதுன்னா லார்ட்ஸ் பிட்ச் மேலதான் போடணும். இப்ப அந்த கிரவுண்டுக்கு இருக்கற மவுச வச்சு அந்த காலத்த கணக்கு போடாதீங்க, அப்ப அது கரடுமுரடுக்கு பேர்போன இடம், பொடிக்கல்லு கெடக்கும், ஒரே இடத்துல குத்துன பந்து ஒண்ணு காலுக்கு போகும் அடுத்தது காதுக்கு வரும். 1864ல சசெக்ஸ் டீம் இந்த பிட்ச்ல ஆட மாட்டோம்னே சொல்லிடுச்சு. அதே வருஷம்தான் கைய தோளுக்கு மேல தூக்கி பந்து போடலாம்னு ரூலும் மாறுச்சு. ரூல் மாறுச்சு, தரை மாறல, அதான் வினையே.

சம்மர்ஸ் நாட்டிங்ஹாம்ஷயர் பேட்ஸ்மேன், 1867ல ஆட வந்தவரு, மொத்தமே நாலு சீசன். 1870 ஜூன்ல லார்ட்ஸ் கிரவுண்டோட சொந்தக்கார கிளப் எம்சிசிக்கு எதிரா மேட்ச், ரெண்டாவது இன்னிங்ஸ்ல பிளாட்ஸ் போட்ட பந்து எகிறி தலையில பட்டு ஆளு சாஞ்சிட்டாரு. அந்த காலத்து பெரிய பேட்ஸ்மேன் டபிள்யூ. ஜி. கிரேஸ் அந்த மேட்ச்ல எம்சிசி பக்கம், அவர்தான் நாடி பிடிச்சு உயிர் இருக்குன்னு சொன்னாராம் (டாக்டர் பட்டம் 1879லதான் வாங்குனாரு, அது வேற விஷயம்). கொஞ்சம் தேறுன மாதிரி தெரிஞ்சதும் நம்ம ஆளு படுத்து ரெஸ்ட் எடுக்காம மறுபடி கிரவுண்டுக்கு வந்து வெயில்ல உக்காந்து மேட்ச் பாத்திருக்காரு, அப்புறம் ரயில்ல குலுங்கி குலுங்கி நாட்டிங்ஹாம் போயிருக்காரு, தலையில அடிபட்டவன இன்னிக்கு யாராவது இப்படி விடுவாங்களா? ஜூன் 19 செத்துட்டாரு. இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா 26 வயசு. ஹியூஸும் 26 முடிய மூணு நாள் இருக்கும்போதுதான் போனாரு, எனக்கு இத படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சம்மர்ஸுக்கு அடுத்து பேட்டிங் வந்த ரிச்சர்ட் டாஃப்ட் தலையில டவல சுத்திக்கிட்டு வந்தாரு. இத நிறைய பேரு ஜோக்கா சொல்றாங்க, என்னைக் கேட்டா அன்னிக்கு லார்ட்ஸ்ல உருப்படியா ஒருத்தன் காட்டுன எதிர்ப்பு அதுதான். எம்சிசி என்ன பண்ணுச்சுன்னா கல்லறைக்கு கல்லு வச்சு, எங்க கிரவுண்டுல நடந்த விபத்துக்கு வருந்துறோம்னு எழுதி வச்சுச்சு.

பிளாட்ஸுக்கு அப்ப 21 வயசு, அவருக்கு அதுதான் முதல் ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்ச். ஷார்ட்டா போட்டாருங்கறது உண்மைதான், ஆனா குறி வச்சுப் போட்டாருன்னு சொல்லணும்னா பந்து எங்க போகும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கணும், அந்த பிட்ச்ல அது ஆண்டவனுக்கே தெரியாது. அதுக்கப்புறம் அந்த வேகமே அவருக்கு வேணாம்னு ஆயிடுச்சு, வேகத்த குறைச்சு மெதுவா போட ஆரம்பிச்சிட்டாரு, அடுத்த வருஷம் 1871ல டெர்பிஷயர் கவுண்டி தன்னோட முதல் மேட்ச் ஆடுனப்ப டீம்ல இருந்தாரு, அப்புறம் பல வருஷம் அவங்களுக்கே ஆடுனாரு.