11 நாள் மௌனம்: ஒரு கடிதமும் பதிலும்

அக்காவுக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு ஊர். நான் பீடி சுற்றுகிறேன், அவுக ரைஸ்மில்லில் வேலை. 10 வயதில் ஒரு பையன். வீட்டு ஒழுக்கை அடைக்க மகளிர் குழுவில் என் பேரில் கடன் எடுத்தேன். அதில் 15,000 ரூபாயை எடுத்து, அவுக தங்கச்சி மகள் சடங்குக்குச் சீர் செய்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டேன், சண்டை வந்தது. இன்றோடு 11 நாள் பேச்சில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார்கள், மற்றதெல்லாம் பையன் வழியாகத்தான். அத்தை “ஆம்பிளைன்னா அப்படித்தான், நீதான் இறங்கிப் போணும்” என்கிறார்கள். என் அண்ணன் “நீயும் பேசாத, எத்தன நாளுன்னு பாப்போம்” என்கிறான். விடிகாலை 3 மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு உறக்கமில்லை. நான் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வேலை உங்கள் வீட்டுக்காரரோடு அல்ல, பையனோடு. “சாப்பிட வரச் சொல்லு”, “பசியில்லன்னு சொல்லு” என்று அடுக்களைக்கும் தார்சாவுக்கும் நடுவே நடக்கும் பிள்ளை செய்தியை மட்டும் சுமப்பதில்லை. எந்தச் சொல்லை எந்தக் குரலில் சொன்னால் சண்டை பெரிதாகாது என்று கணக்குப் போட்டுப் போட்டு நடக்கிறான். தன்னால்தான் இது வந்ததோ என்ற நினைப்பும் அந்த வயதில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். இன்று சாயங்காலமே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு கோவம். அது உன்னால இல்ல. நாங்க சரி பண்ணிக்கிடுதோம். இனி நீ சேதி கொண்டு போகாண்டாம்.” அதன் பிறகு சோறு ஆனதும் நீங்களே எழுந்து போய் “சாப்பிட வாங்க” என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. சண்டையைப் பற்றிப் பேசுவது வேறு, வீட்டுக் காரியத்துக்கு வாய் திறப்பது வேறு. இரண்டாவதை நிறுத்தினால்தான் வீடு இறுகிப் போகிறது.

அத்தை சொல்வதையும் கேட்க வேண்டாம், அண்ணன் சொல்வதையும் கேட்க வேண்டாம். இறங்கிப் போனால் 15,000 பேசப்படாமலே புதைந்து, அடுத்த சீர் வரும்போது முளைக்கும். நீங்களும் வாயை மூடிக்கொண்டால் 11 நாள் 20 நாள் ஆகும். உங்கள் வீட்டில் குறையாக இருப்பது மௌனத்துக்கு ஒரு கெடு.

கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது நல்லதுதான், சில நேரம் அது கட்டாயமும்கூட. ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கணவன் மனைவியை உட்காரவைத்துச் சச்சரவைப் பேசச் சொல்லி, அவர்கள் நாடித் துடிப்பை அளந்தார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனசில் ஏறாது என்கிறார் காட்மன். உடம்பு அந்த நேரத்தில் அடிக்கவோ ஓடவோ ஆயத்தமாகிவிடும். வாயை இறுக மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவதும் ஓடுவதில் ஒரு வகைதான். வெளியே கல் மாதிரி இருப்பார், உள்ளே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அப்படி இறுகிப் போகிறவர்களில் ஆண்களே அதிகம் என்பதையும் அவர் கண்டார். கணவன் இறுக இறுக மனைவி “பதில் சொல்லுங்க” என்று பின்னாலேயே போவாள், இவள் போகப் போக அவர் இன்னும் இறுகுவார். குற்றத்தைப் பங்குபோட இதைச் சொல்லவில்லை. இந்தச் சுற்று எந்த இடத்தில் அறும் என்று தெரிந்தால்தான் கைவைக்க முடியும்.

அந்தப் படபடப்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணிப் பாருங்கள். 25 வந்தால் 100 ஆகிவிட்டது. அப்போது பேச்சை எடுக்காதீர்கள். 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை பைய விடுங்கள், 5 நிமிடம். அந்த 20 நிமிடமும் “அவுக அப்படிச் சொன்னாக, நான் இப்படிக் கேட்டிருக்கணும்” என்று மனசுக்குள் சண்டையைத் திரும்ப ஓட்டினால் உடம்பு அடங்காது.

உங்கள் தொழிலில் இது ஒரு தனிச் சிக்கல். மடியில் சுளகு, கை தன் பழக்கத்தில் இலையை எடுக்கிறது, தூளை வைக்கிறது, சுருட்டுகிறது, நூலைக் கட்டுகிறது. கைக்கு மனசின் துணை வேண்டியதில்லை. அதனால் ஆயிரம் பீடி முடிகிற வரை மனசு அதே 15,000-ஐ அரைத்துக்கொண்டிருக்கும். பகலெல்லாம் இப்படி ஓடியதுதான் விடிகாலை 3 மணிக்கும் எழுப்புகிறது என்று நினைக்கிறேன். “நினைக்காதே” என்று மனசை அதட்டினால் அது கேட்காது, நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் கேட்கும். தினமும் 4 மணிக்கு 15 நிமிடம் சுளகை இறக்கி வைத்துவிட்டு, மனசில் வருவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் அந்த நினைப்பு வந்தால் “நாலு மணிக்கு” என்று சொல்லித் தள்ளுங்கள். ரேடியோ போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கூடி உட்கார்ந்து சுற்றுங்கள். ராத்திரி முழிப்பு வந்தால் செல்போனை எடுக்க வேண்டாம். 20 நிமிடம்போல ஆகியும் உறக்கம் வரவில்லை என்றால் எழுந்து பட்டாசலில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது படுங்கள்.

இனி அவரிடம் பேசுவது. மில்லிலிருந்து வந்த கையோடு கேட்காதீர்கள். அத்தை முன்னாலும் வேண்டாம், படுக்கையிலும் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசுவது இப்படிப்பட்டவர்களுக்கு விசாரணைபோல் இருக்கும். ஆற்றங்கரைக்கு நடந்துபோகிற வழியோ, படித்துறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதோ அவருக்குத் தோதுப்படும். ஒரே விஷயம், 15 நிமிடம், அதற்குமேல் இழுக்காதீர்கள்.

முதல் மூன்று நிமிடம் எப்படிப் போகிறதோ, பேச்சு பெரும்பாலும் அப்படியேதான் முடியும். “ஒங்க தங்கச்சின்னா மட்டும் பணம் மரத்துல காய்க்கும்” என்று தொடங்கினால் தங்கச்சிக்காக வக்காலத்து வாங்குவாரே தவிர, பணத்தைப் பற்றிப் பேசமாட்டார். “எப்பவும்”, “ஒருநாளும்”, “ஒங்க அம்மா மாதிரி” என்ற சொற்களை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நடந்தது, அது உங்களை என்ன செய்தது, இனி என்ன வேண்டும், இந்த மூன்றே போதும்: “சீர் செஞ்சதுல எனக்கு வருத்தமில்ல. எங்கிட்ட சொல்லாம எடுத்தது மனசு வலிச்சுட்டு. இனி 2,000 ரூபாய்க்கு மேல யாருக்குன்னாலும் முன்னால ஒரு வார்த்த சொல்லிருங்க.” சீரில் உங்களுக்கு உண்மையிலேயே வருத்தமிருந்தால் முதல் வரியை விட்டுவிடுங்கள், பொய்யாகச் சொல்ல வேண்டாம்.

அவர் மறுபடி இறுகினால் துரத்தாதீர்கள். “இப்ப முடியலன்னா வேண்டாம். நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பேசுவோமா?” என்று மட்டும் கேளுங்கள். நான் சொன்ன கெடு இதுதான். நிறுத்துகிறவர் யாரோ அவரே திரும்பிவரும் நேரத்தைச் சொல்ல வேண்டும், அது 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். வாய் வராதவர் காலண்டரில் குறித்தாலும் சரிதான். சமாதானமாக இருக்கிற ஒரு நாளில் இருவரும் இதை ஒத்துக்கொண்டு வைத்தால் அடுத்த சண்டைக்கு உதவும். சண்டை நடுவே புது விதி சொன்னால் எடுபடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குத்தலாக எதையும் போடாதீர்கள். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொந்தபந்தம் எல்லாம் படித்து ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். அவர் உங்களிடம் மட்டும் பேசவில்லையா, யாரிடமுமே பேசவில்லையா? சாப்பாடு குறைந்து, உறக்கம் கெட்டு, மில்லுக்குப் போகவே பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் அப்படி இருந்தால் அது கோபமாக இல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. “செத்துப் போகலாம்போல இருக்கு” என்று யார் சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இன்னொன்று. பேசாததோடு நிற்காமல் வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது, போனைப் பிடுங்குவது, அம்மா வீட்டுக்குப் போகவிடாதது, கை ஓங்குவது என்று போனால் மேலே சொன்ன வழிகள் எதுவும் அதற்கு மருந்தல்ல. சொல்லாலும் மனசாலும் பணத்தாலும் வதைப்பதையும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

“எல்லாம் நானேதான் செய்யணுமா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எழுதியது நீங்கள் என்பதால் உங்களிடமிருந்து தொடங்குகிறேன், காலம் முழுக்க நீங்களே முதலடி வைக்க வேண்டும் என்றல்ல. ஒரு மாதத்தில் நாலு தடவை இப்படிப் பேசிப் பாருங்கள். அசைவே இல்லை என்றால் மூன்றாவது ஆள் வேண்டும். அது அத்தையும் வேண்டாம், உங்கள் அண்ணனும் வேண்டாம். அவர் மதிக்கிற, இந்தப் பணத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பெரியவர், அல்லது மனநல ஆலோசகர். “ஒங்கள டாக்டர்ட்ட காட்டணும்” என்றால் வரமாட்டார். “எனக்கு மூணு மணிக்கு மேல உறக்கமில்ல, தொணைக்கு வாங்க” என்றால் வரலாம், அது உண்மையும்கூட. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை போக முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் அழைக்கலாம், காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

கடன் உங்கள் பேரில் இருக்கிறது, தவணை நாள் யாருக்காகவும் நிற்காது. முதல் பேச்சில் அதை எடுக்காதீர்கள். இரண்டாவது பேச்சில் குழு நோட்டை எடுத்துப்போய், அந்த 15,000-க்கு மாதம் எவ்வளவு அவர் சம்பளத்திலிருந்து வரும் என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா