மூன்று லட்சம் பார்வைகளும் ஆச்சியின் பாயும்

அன்புள்ள அம்மா,

உங்கள் தளத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. சொந்த ஊர் சேரன்மகாதேவி பக்கம், வேலை பெங்களூரில். இரண்டு வருடமாக யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறேன். நம் பண்பாடு, வீட்டு வழக்கங்கள், விழாக்கள் பற்றி வாரம் ஒரு வீடியோ.

போன வருடம் ஆச்சி வீட்டில் இரண்டு நாள் தங்கி, அவர் அன்றாடத்தைப் படம் பிடித்துப் போட்டேன். தொள்ளாயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ‘வாசல் கோலத்தின் அறிவியல் ரகசியம்’ என்று ஒன்று: கோலம் கிருமியை விரட்டும், எறும்புக்கு உணவு, நாசாவே வியந்தது என்றெல்லாம். ஒரே ராத்திரியில் எழுதி, இணையத்தில் கிடைத்த காட்சிகளை ஒட்டிப் போட்டது. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிறகு மெட்டி, தோப்புக்கரணம், பூமியின் காந்த நடுக்கோட்டின் மையத்தில் சிதம்பரம் கோயில் என்று வரிசையாகப் போட்டேன். எல்லாமே ஓடின.

போன மாதம் என் தம்பி, “அக்கா, இதெல்லாம் நிஜமா?” என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்த வீடியோக்களைப் பார்த்த பிறகுதான் நம் வழக்கங்கள்மேல் மதிப்பு வந்தது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நல்லதுக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தப்பா? ஆச்சி வீடியோவில் என்ன குறை? தன் பெயரும் தாத்தா பெயரும் நெய்த கல்யாணப் பாயை அவர் பரணிலிருந்து எடுத்துக் காட்டினார். நீளமாகிறதே என்று அதைக்கூட வெட்டினேன். அப்படியும் யாரும் பார்க்கவில்லை.

க.,
பெங்களூரு

அன்புள்ள க.,

தப்புதான். தம்பியின் கேள்விக்குப் பதில் வராத இடத்திலேயே உங்களுக்கும் அது தெரிந்துவிட்டது.

முதலில் சிதம்பரம். காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி வரும் ஒரு கோடு. அதற்கு மையம் என்று ஒரு புள்ளி கிடையாது. அந்தக் கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவது உண்மை. அதற்காகவே திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் ஊரைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட்டை ஏவினார்கள். அந்த ஊர் மக்கள் தங்கள் மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் அதை ஒட்டிய பிஷப் இல்லத்தையும் அந்த வேலைக்காக விட்டுக்கொடுத்தார்கள். விஞ்ஞானிகள் அந்தக் கட்டடங்களில் இருந்துதான் வேலையைத் தொடங்கினார்கள். காந்தக்கோடு, கோயில், விஞ்ஞானம் மூன்றும் ஒரே இடத்தில் நிஜமாகவே சேர்ந்த கதை இது. நீங்கள் தேடியது இவ்வளவு பக்கத்தில் இருக்க, யாரோ கட்டிவிட்டதை எடுத்துச் சொல்லிவிட்டீர்களே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

‘நல்லதுக்காக’ என்கிறீர்கள். கோலம் கிருமியை விரட்டும் என்று நம்பிக் கோலத்தை மதிக்கிற பையன், ஃபினாயில் அதைவிட நன்றாக விரட்டும் என்று தெரிந்த அன்று கோலத்தை விட்டுவிடுவான். அவன் மதித்தது கோலத்தை அல்லவே. இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆச்சி ஐம்பது அறுபது வருடம் குனிந்து போட்ட ஒன்று, ஆய்வகம் சான்றிதழ் கொடுத்தால்தான் பெருமைக்குரியது என்று அவருக்கே சொல்வதுபோல் இருக்கிறது அந்த வீடியோ.

கோலத்தில் என்ன இருக்கிறது என்று தினமும் போடுகிறவளாகச் சொல்கிறேன். என் அப்பா இறந்த அன்று விடியற்காலையில் எங்கள் வாசலும் அக்கம்பக்கத்து வாசல்களும் வெறுமையாகக் கிடந்தன. உடலை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தண்ணீர் தெளித்தார்கள். வழக்கமாக மணியடித்துக்கொண்டு வரும் பால்காரர் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வாசல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதேபோல, இழைக்கோலம் போட்டுக் காவி பூசியிருந்தால் உள்ளே விசேஷம் என்று தெருவுக்கே தெரியும். புள்ளி பிசகிய கோலமாக இருந்தால் அந்த வீட்டுச் சின்னப்பெண் கற்றுக்கொள்கிறாள் என்று அர்த்தம். இதையெல்லாம் ஒரு தெருவில் பத்து நாள் நின்றால் நீங்களே பிடித்துவிடலாம்.

எறும்புக்கு உணவு என்கிறீர்கள். அரிசி மாவில் போடும் வீடுகளில் அது உண்மை, ஈரமுள்ள எண்ணம். ஆனால் உங்கள் குரல் அதைச் சொல்லும்போது திரையில் வருகிற கை போடுவது கல்மாவு. விரலிடுக்கிலிருந்து மணல்போல் ஒரே சீராக வழுக்கி விழுவதைப் பார்த்தாலே கோலம் போடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். பாக்கெட்டில் வருவதும் தெருவில் கூவி விற்பதும் இன்று பெரும்பாலும் கல்லை அரைத்த பொடிதான். எறும்பு அதைச் சீண்டாது. உங்கள் ஆச்சி எப்போது அரிசி மாவை விட்டார்? ஏன் விட்டார்? கோலப்பொடி விற்க வருகிறவர் அதை எங்கே வாங்குகிறார்? எனக்கு இந்த வீடியோவைப் பார்க்க ஆசை.

அறிவியல்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய கோலம் படிப்படியாகப் பெரிதாவதற்கு, கணினி மொழிகளுக்கு விதி எழுதுவதுபோல விதி எழுத முடியும் என்று காட்டினார்கள். பெண்கள் போடுவதை உள்ளபடியே எடுத்துக்கொண்டு, இதற்குள் இருக்கும் ஒழுங்கு என்ன என்று கேட்டார்கள். கிருமியும் வேண்டியிருக்கவில்லை, நாசாவும் வேண்டியிருக்கவில்லை.

உண்மையைக் காட்டினால் ஓடாது என்று சொல்லிவிடாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அம்மியில் அரைக்கிற சத்தம், வயல், தீ, கடைசியில் அந்தச் சாப்பாட்டை முதியோருக்குப் பரிமாறுவது. மஞ்சளின் மருத்துவ குணத்தை விளக்கியா அவர்கள் ஆட்களைச் சேர்த்தார்கள்?

உங்கள் ஆச்சி வீடியோவை நேற்று இரண்டு முறை பார்த்தேன். குறை இதுதான்: ஆச்சி பேசுவதே கேட்கவில்லை. முழுக்கப் புல்லாங்குழல் ஓடுகிறது, அதன்மேல் உங்கள் குரல் ‘எளிமையான அந்தக் கால வாழ்க்கை’ என்கிறது. அவர் புளியை எதில் கரைக்கிறார், அந்தச் சட்டிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் – உதடு அசைவது தெரிகிறது, சொல் தெரியவில்லை. அந்தச் சொற்கள் உங்கள் ஆச்சியோடு போய்விடும். கையில் மைக் இருந்தும் அதன்மேல் இசையை ஊற்றிவிட்டீர்கள். இசை சேர்க்காத மூலப்பதிவு இன்னும் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்தப் பாய். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில்தான் பாய்க்குப் பேர்போன பத்தமடை என்னும்போது, அது எங்கே நெய்தது என்று எனக்கு ஓர் ஊகம். தாமிரபரணிக் கரையோரக் கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மெலிதாகக் கீறி, சாயம் தோய்த்துப் பருத்தி நூல் பாவில் நெய்வார்கள். கோரை எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்குப் பாய் துணிபோல மடியும். அதைப் பட்டுப்பாய் என்பார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். எத்தனையோ இந்துக் கல்யாணங்களில் மணமக்கள் பெயரை அந்தப் பாயில் நெய்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். ‘நம் பண்பாடு’ என்று ஒவ்வொரு வீடியோவிலும் சொல்கிறீர்கள். அந்த ‘நம்’மில் யார் யார் என்பதை உங்கள் ஆச்சியின் பரணிலிருந்தே காட்டியிருக்கலாம்.

பத்தமடைக்குப் போனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் நான் போனபோது ஒரு அக்கா, தறியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “நெறய பேரு வந்து படம் புடிக்காங்க. ஒரு பாய் வாங்கிட்டுப் போனவுக யாரும் இல்ல.” அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள், அல்லது பாய் வாங்குங்கள். வீடியோவில் விலையைச் சொல்லுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் பெயரையும் சொல்லுங்கள்.

கோல வீடியோவை நீக்க வேண்டாம். அதன் கீழே முதல் கமெண்டாக, இதில் நான் சொன்னவை தவறு என்று எழுதி வையுங்கள். பிறகு ஆச்சியை உட்கார்த்தி, அரிசி மாவையும் கல்மாவையும் இரண்டு கிண்ணங்களில் வைத்து, அவரையே பேசவிட்டு இன்னொன்று எடுங்கள். மூன்று லட்சம் பேர் வருவார்களா என்று எனக்கு உறுதி சொல்ல முடியாது. தம்பி கேட்டால் உங்களுக்குப் பதில் இருக்கும்.

அந்தப் பாயை அவர் விரித்துக் காட்டிய காட்சியை எனக்கு அனுப்ப முடியுமா? இசை இல்லாமல்.

அன்புடன்.