ஆலன் கீ வழுக்கினால் அதற்கு மேல் திருகாதீர்கள்

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. என் கியர் சைக்கிளில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் நான்கு ஆலன் போல்ட்டுகளில் மூன்று இளகிவிட்டன. நான்காவது துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. போல்ட் தலையில் ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழியும் தேய்ந்து கீ வழுக்குகிறது. வீட்டிலேயே கழற்ற முடியுமா?

பதில்: முடியும். முதலில், இளகிய மூன்றையும் திரும்ப மிதமாக இறுக்குங்கள். அவை தளர்ந்திருந்தால், ஹேண்டில்பாரை முன்னாலிருந்து அழுத்திப் பிடிக்கும் முன்தகட்டின் இழுப்பு முழுக்க நான்காவதன் மேல் விழுந்து, அது இன்னும் அடம்பிடிக்கும்.

உப்புக்காற்றில் எஃகு போல்ட்டும் அலுமினிய ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரைத் தாங்கும் பாகம்) சேர்ந்திருந்தால் மரைக்குள் அரிப்பு வேகமாக நடக்கும். அந்தப் பிடியை விடுவிப்பதுதான் முக்கால்வாசி வேலை. போல்ட் தலையைச் சுற்றித் துருநீக்கி ஸ்ப்ரே அடியுங்கள். பல ஸ்டெம்களில் மரைத் துளை பின்பக்கமும் திறந்திருக்கும். அங்கேயும் அடித்தால்தான் எண்ணெய் மரைக்குப் போய்ச் சேரும். ஒரு ராத்திரி ஊறட்டும். முன் சக்கரத்தை முன்னாலேயே கழற்றி வையுங்கள், பிரேக் கட்டையையும் துணியால் மூடுங்கள். பிரேக்கில் எண்ணெய் பட்டால் பிடிக்காது.

அப்புறம் குழிக்குள் இருக்கும் துருவையும் மண்ணையும் ஊசியால் சுரண்டி எடுங்கள். குழி தேய்வதற்குப் பெரும்பாலும் இந்த மண்தான் காரணம். கீ முழு ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. உருண்டை முனை உள்ள கீயும் இறுகிய போல்ட்டுக்கு ஆகாது.

இந்த இடத்தில் வழக்கமாக 4 மி.மீ. குழிதான் இருக்கும். அப்படியானால் டி25 அளவுள்ள ஸ்டார் பிட் (நட்சத்திர வடிவத் திருப்புளி முனை) ஒன்றை அதில் வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். தேய்ந்த குழியின் மூலைகளை அது நன்றாகக் கடிக்கும். தட்டுகிற அதிர்விலேயே துருவும் கொஞ்சம் விடும். நீளமான கைப்பிடி போட்டு, வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக அழுத்தம் கூட்டுங்கள். அசைந்ததும் சற்று முன்னும் பின்னுமாகத் திருகிக் கழற்றுங்கள்.

அசையவில்லையா? ஸ்ப்ரேயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஹேர் டிரையரால் ஸ்டெம்மைச் சூடாக்குங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். கார்பன் ஹேண்டில்பார் என்றால் சூடே காட்டாதீர்கள்.

கடைசி வழி டிரில். கண்ணாடி அணிந்துகொண்டு, குழியின் நடுவில் 3 மி.மீ. பிட், அப்புறம் 5 மி.மீ. பிட். தலை மட்டும் கழன்று வந்ததும் நிறுத்துங்கள். இப்போது இழுப்பு போய்விட்டது. மற்ற மூன்றையும் எடுத்துத் தகட்டை நீக்கினால் மிச்சத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். லாக்கிங் பிளையரால் (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) பிடித்துத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். உடைந்த போல்ட்டை எடுக்கும் 'ஈஸி அவுட்' இந்தச் சின்ன அளவில் எளிதாக உள்ளேயே ஒடியும், ஒடிந்தால் டிரில்லும் ஏறாது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கு போல்ட்டையும் புதிதாக மாற்றுங்கள். அதே நீளம், அதே மரை, அதே வலிமைத் தரம் இருக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே நியூட்டன் மீட்டரில் அச்சிட்டிருக்கும். ஸ்டெம்மின் மரை பிய்ந்திருந்தால் பசை வைத்து ஒப்பேற்றாமல் ஸ்டெம்மையே மாற்றிவிடுங்கள்.