முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் தியானப் பாய்: குடி மீட்பு கேள்வி-பதில்

கே: தியானத்தில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே மனசு டாஸ்மாக் பக்கம் போய்விடுகிறது. எனக்கு இது வராதா? – கும்பகோணம்

போய்விட்டது என்று கண்டுபிடித்தீர்கள் அல்லவா, அதுதான் பயிற்சி. மூச்சுக்குத் திரும்புங்கள். ஐம்பது தடவை போனால் ஐம்பது தடவை.

கே: குடியை விட்டு நாலு மாதம். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி மூன்று ராத்திரியாகக் காவல் கிடக்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள். வானம் வேறு மூட்டம். பக்கத்துக் குவியல்காரர் குவார்ட்டரை நீட்டுகிறார். அந்த நேரத்தில் என்ன செய்ய? – மன்னார்குடி பக்கத்து விவசாயி

கேட்கத் தெரிந்து கேட்டிருக்கிறீர்கள். முதலில், சாப்பிட்டீர்களா? பசி, கோபம், தனிமை, களைப்பு இதில் ஒன்று இருந்தாலே கை நீளும். உங்களுக்கு நான்கும் ஒரே தார்ப்பாய்க்குள் படுத்திருக்கின்றன. நாலு இட்லியைப் போட்டுக்கொண்டு, குவார்ட்டர் வாடை எட்டாத பக்கமாகப் போய் உட்காருங்கள்.

குடிக்கும் ஆசையை அலை என்பார் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதை அடக்கவும் வேண்டாம், அதன் பின்னால் ஓடவும் வேண்டாம். உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தொண்டையிலா, நெஞ்சுக்குழியிலா, தாடையிலா? ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கைக்குள் மூடுங்கள். சுணை குத்துகிற இடம், உள்ளே இருக்கிற சில்லென்ற ஈரம், விரலிடுக்கில் நழுவுகிற மணி. கவனம் குவார்ட்டருக்குப் போனால் திரும்ப நெல்லுக்கு வாருங்கள். மழைக்கும் ஈரப்பதத்துக்கும் என்னிடம் வைத்தியம் இல்லை.

கே: அண்ணன் 15 வருடமாகத் தினமும் ஒரு ஆஃப் குடிப்பவர். யூடியூபில் தியான வீடியோ பார்த்துவிட்டு முந்தாநாளோடு நிறுத்திவிட்டார். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கமே இல்லை. எவ்வளவு நேரம் தியானம் செய்தால் நடுக்கம் நிற்கும்? – திருவாரூர்

எவ்வளவு நேரம் செய்தாலும் நிற்காது. இது வாட்ஸப்பில் வந்த உடனேயே கேட்டவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன், எத்தனையாவது தடவையோ: முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் பாய்.

நடுக்கம் மனசின் கோளாறு இல்லை. வருடக்கணக்கில் மது மூளையை அமுக்கி வைத்திருந்தது. ஈடுகொடுக்க மூளையும் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. அமுக்கிய கையைத் திடீரென்று எடுத்தால் அந்த வேகம் எங்கே போகும்? ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இடம், நேரம் குழம்பும், இல்லாத பூச்சி சுவரில் ஊரும், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். இந்தக் கட்டத்தில் இருந்தவரைப் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கொண்டுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது கயிற்றுக்குப் பதில் வீடியோ.

ஆஸ்பத்திரியில் செய்வது மாயவித்தை இல்லை. நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரை, பி1 வைட்டமின், ஒரு வாரக் கண்காணிப்பு. ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பாகிவிடுவார்’ என்று தெருமுனை கிளினிக்கில் நச்சரிக்காதீர்கள். பி1 இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வழி தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. மார்லட் குழுவினர் வகுத்த எட்டு வாரத் தியானப் பயிற்சியே ஆரம்பச் சிகிச்சை முடிந்தவர்களுக்கானது. வீடியோ போடுகிறவர்கள் அதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கே: சின்ன வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறேன். தியானம் நன்றாக வருகிறது. மாத்திரையை நிறுத்தலாமா? – மயிலாடுதுறை

சின்ன வெள்ளை மாத்திரை ஊரில் ஆயிரம் இருக்கிறது. பெயரும் எழுதாமல், எத்தனை நாளாக என்றும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராமாக இருந்தால், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் மது உள்ளே போகக்கூடாது, ஆல்கஹால் கலந்த இருமல் சிரப் உட்பட. இதை ரசத்தில் ரகசியமாகக் கலக்கும் வீட்டார்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: கலக்காதீர்கள். விஷயம் தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம்.

கே: ஐவேளை தொழுகிறவன் நான். மைண்ட்ஃபுல்னஸ் என்கிற இந்தக் கவனத் தியானம் வேறு மதத்து வழிபாடு என்கிறார்களே? – நாகூர்

வேர் பௌத்தம்தான், மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் பக்கத்து நாகப்பட்டினத்திலேயே ராஜராஜன் காலத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்ததே! ஆனால் 1979இல் அமெரிக்கரான ஜான் கபட்-ஸின் மாசசூசெட்ஸில் இதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தபோது வழிபாட்டை வாசலிலேயே விட்டுவிட்டார். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் முழங்கையில் ஓடுவதைக் கவனியுங்கள். அதுவே போதும்.

கே: ஏழு மாதம் ஒழுங்காக இருந்த என் வீட்டுக்காரர் கோயில் திருவிழாவில் குடித்துவிட்டார். பட்ட பாடெல்லாம் வீணா? – திருத்துறைப்பூண்டி

இல்லையம்மா. போனது ஒரு நாள். ‘எல்லாம் போச்சு, இனிமேல் என்ன’ என்கிற நினைப்புதான் மறுநாளும் கடைக்கு இழுக்கும். திட்டி அதற்கு உரம் போடாதீர்கள். யாரோடு, எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். திரும்பத் தினசரிக் குடியாகிவிட்டால், திருவாரூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: படுத்துக்கொண்டு செய்யலாமா? – பட்டுக்கோட்டை

செய்யலாம். தூங்கிவிடுவீர்கள். குடியை விட்ட முதல் மாதத்தில் அதுவும் லாபம்தான்.