கூடைப்பந்து முகாமுக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா,

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் விடுமுறைக் கூடைப்பந்து முகாமுக்குப் போயே தீருவேன் என்கிறாள். கணக்கில் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. முகாம் நடத்துபவர்களோ "விளையாட்டோடு படிப்பையும் ஊக்குவிக்கிறோம்" என்கிறார்கள். இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தப் "படிப்பு" எப்படி நடக்கிறது என்று நன்றாக விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

முதலில் படிப்பு நேரம் எப்போது என்று கேளுங்கள். நாள் முழுக்க ஓடிக் களைத்த பிள்ளைகளை இரவு உணவுக்குப் பின் புத்தகத்தோடு உட்கார வைத்தால் தலையில் எதுவும் ஏறாது. காலைப் பயிற்சிக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவில், உடல் ஓய்ந்து மனம் தெளிந்திருக்கும் நேரத்தில் வைத்திருந்தால் நல்லது. சந்தேகம் கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆசிரியரோ மூத்த மாணவரோ பக்கத்தில் இருக்கிறார்களா, வெறும் கண்காணிப்பாளர் மட்டும்தானா என்பதும் முக்கியம். இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று: அந்த நேரத்தில் பயிற்சியாளர் எங்கே இருக்கிறார்? அவரும் அங்கேயே இருந்து, யார் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பவராக இருந்தால் அந்த முகாமை நம்பலாம். பதின்மூன்று வயதில் அம்மா பத்து முறை சொன்னால் காதில் விழாதது, கோச் ஒரு முறை சொன்னால் விழும். இதில் நீங்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை, அந்த வயதின் இயல்பு அது. அதை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்வோம்.

கணக்குக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லித்தருகிறார்களா என்றும் பாருங்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பத்து முறை எறிந்து நான்கு விழுந்தால் 12 புள்ளி. கோட்டுக்கு உள்ளிருந்து எறிந்தால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி; அப்படிப் பத்து முறை எறிந்து ஆறு விழுந்தாலும் அதே 12 புள்ளிதான். அப்படியானால் 40 சதவீதமும் 60 சதவீதமும் எப்படிச் சமமாகின்றன? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் கொட்டாவி விடும் பிள்ளை, தன் சொந்த ஆட்டக் கணக்கை வைத்துக் கேட்டால் தாளும் பேனாவும் தேடும்.

"மதிப்பெண் வந்தால்தான் பந்தைத் தொடலாம் என்று சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். விளையாட்டை நிறுத்துவது தண்டனையானால், படிப்பு அவளுக்கு எதிரியாகிவிடும். விளையாட்டு உலகமே படிப்பைக் கேட்கிறது என்பதை அவளுக்குக் காட்டுவது வேறு விஷயம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., முதல் பிரிவில் ஆட வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்து, அவற்றில் 4 புள்ளி அளவுகோலில் குறைந்தபட்சம் 2.3 சராசரி எடுத்திருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு திறமைசாலியானாலும் இதில் விலக்கு எதிர்பார்க்க முடியாது. இது கோபத்தில் போட்ட விதி அல்ல. எல்லோருக்கும் பொதுவானது, முன்கூட்டியே தெரிந்தது. வீட்டிலும் விதி என்று ஒன்று வேண்டுமானால் அப்படியே இருக்கட்டும்.

அவள் தொழில்முறை வீராங்கனையாக ஆசைப்படுவதாகச் சொன்னீர்கள். அந்த ஆசையைக் கிண்டல் செய்யாதீர்கள், ஆனால் எண்ணிக்கையை மறைக்கவும் வேண்டாம். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2025-ல் இருந்தவை 13 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 150 பேருக்குத்தான் அங்கே இடம் இருந்தது. மற்ற நாடுகளிலும் லீக்குகள் உண்டு, இருந்தாலும் வாசல் குறுகியதுதான். அப்படிப்பட்ட வாசலைத் தாண்டியவர்களும் படிப்பைத் தேடித் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வின் நட்சத்திரங்களையே பாருங்கள். ஷகீல் ஓ'நீல் 1992-ல் பட்டம் முடிக்காமல் கல்லூரியை விட்டுப் போய், 2000-ல் பட்டம் பெற்று, 2012-ல் கல்வியியலில் முனைவரும் ஆனார். ஸ்டீபன் கரி 2009-ல் விட்ட படிப்பை 2022-ல் முடித்தார். பணமும் புகழும் கிடைத்த பிறகும் அவர்களுக்கு அது தேவைப்பட்டது என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆட்டத்தைச் சுற்றியே பிழைக்க வேறு வழிகளும் உண்டு. இயன்முறை மருத்துவம், விளையாட்டு உளவியல், உடற்தகுதிப் பயிற்சி, ஆட்டத் தரவுகளை அலசும் பணி, நடுவர், விளையாட்டு மேலாண்மை. இவற்றில் பலவற்றுக்கு அறிவியலும் கணக்கும்தான் அடிப்படை. இப்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். இப்படியெல்லாம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

அப்புறம் உடல். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இரவில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது பந்தில்லாத நாள் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழிவு ஆண் பிள்ளைகளைவிட அதிகம் ஏற்படுகிறது. குதித்துச் சரியாகத் தரையிறங்கும் பயிற்சியும் முறையான வார்ம்-அப்பும் அதைக் குறைக்கும். அவற்றைத் தினமும் கற்றுத்தருகிறார்களா என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு முகாம் தேடுங்கள்.

விசாரித்ததில் திருப்தியானால் ஒரு காரியம் செய்யுங்கள். முகாம் தொடங்கும் முன்பே, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணக்கில் அவள் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் சொன்னால் புகாராகத் தோன்றும். பின்னமா, இயற்கணிதமா என்பதையும் சொல்லிவிட்டால், படிப்பு நேரத்தில் எதை எடுத்துவைப்பது என்று அவருக்குத் தெரியும். முகாம் முடிந்ததும் அந்தப் பாடத்தில் எதுவரை வந்திருக்கிறாள் என்று அவரிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். பள்ளி திறந்த பிறகு பயிற்சிக்கும் படிப்புக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று அதை வைத்து மூவருமாக உட்கார்ந்து பேசலாம்.