எமுலேட்டரில் இருக்கும் கோப்புகளை அசல் அமிகா 1200-க்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி இதுதான்: கையில் ஒரு அமிகா 1200 (கொமடோரின் பழைய ஹோம் கம்ப்யூட்டர்) இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் இல்லை. பிசியில் அமிகாவைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான வின்யூஏஇ எமுலேட்டரில் பல வருடமாகச் சேர்த்ததை எல்லாம் அதில் ஏற்ற வேண்டும், மெமரியும் கூட்ட வேண்டும்.

முதலில் ஃப்ளாப்பியை மறந்துவிடுங்கள். அமிகாவின் 880 கே.பி. ஃப்ளாப்பியைச் சாதாரண பிசி டிரைவால் படிக்க முடியாது. 1200-க்குள் 44 பின் ஐடிஇ கனெக்டர் ஒன்று இருக்கிறது, 1992-இல் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்காக வைத்தது. அதில் சி.எஃப். (காம்பாக்ட் ஃப்ளாஷ்) அடாப்டர் ஒன்றைச் செருகி 4 ஜி.பி. சி.எஃப். கார்டு போட்டால் அதுதான் உங்கள் ஹார்ட் டிஸ்க். அதைவிடப் பெரிய கார்டு வேண்டாம், கிக்ஸ்டார்ட் (அமிகாவின் ரோம் சிப்பில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) 3.0, 3.1 இரண்டுமே கூடுதல் மென்பொருள் இல்லாமல் 4 ஜி.பி.யைத் தாண்டாது.

கோப்பு மாற்றுவதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. கார்டை பிசியில் செருகி, எமுலேட்டருக்குள்ளேயே அதை அமிகா டிஸ்க்காக உருவாக்கி, வொர்க்பெஞ்ச் (அமிகாவின் டெஸ்க்டாப்) நிறுவி, கோப்புகளையும் அங்கேயே நகலெடுத்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கார்டை அப்படியே எடுத்து அசல் மெஷினில் போட வேண்டியதுதான்.

கார்டைச் செருகியதும் விண்டோஸ் 'டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா' என்றோ 'ஃபார்மட் செய்யவா' என்றோ கேட்கும். எப்போது கேட்டாலும் கேன்சல்தான். சரி என்று கொடுத்தால், பார்டிஷன் விவரங்களை அமிகா எழுதி வைத்திருக்கும் முதல் பகுதியையே அழித்துவிடும். வின்யூஏஇ-யை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கார்டை ஹார்ட் டிரைவாகச் சேர்த்து, கண்ட்ரோலரை 1200-இன் ஐடிஇ என்று வையுங்கள். அப்போதுதான் எச்டிடூல்பாக்ஸ் (டிஸ்க்கில் பார்டிஷன் போடும் அமிகா கருவி) அதை அசல் மெஷினில் பார்ப்பது போலவே பார்க்கும். பார்டிஷன்களை 2 ஜி.பி.க்குள் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் (டிஸ்க்கிலிருந்து ஒரே தடவையில் நகரும் தரவின் உச்ச வரம்பு) அளவை 128 கே.பி.க்குச் சற்றுக் கீழே குறைத்துவிடுங்கள். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். எமுலேட்டரில் எல்லாம் நன்றாக ஓடும், அசல் மெஷினில் பெரிய கோப்புகள் மட்டும் சிதைந்து வரும்.

எமுலேட்டரையும் உங்கள் மெஷின் மாதிரியே வையுங்கள்: 68020 பிராசஸர், 2 எம்.பி. சிப் மெமரி (கிராபிக்ஸ் சிப்புகளும் பயன்படுத்தும் மெமரி), அதே கிக்ஸ்டார்ட். 68040-உம் கிராபிக்ஸ் கார்டும் வைத்து நிறுவினால் 1200 அதை ஏற்காமல் பாதியிலேயே நின்றுவிடலாம்.

கோப்புகளுக்கு, விண்டோஸ் ஃபோல்டர் ஒன்றை எமுலேட்டரில் டிரைவாகச் சேர்த்தால் போதும், வொர்க்பெஞ்சிலேயே இழுத்துப் போடலாம். ஆனால் எல்எச்ஏ (ஜிப் போலச் சுருக்கிய) கோப்புகளை விண்டோஸில் பிரிக்காதீர்கள், அமிகா பக்கம் கொண்டுபோய்ப் பிரியுங்கள். விண்டோஸில் பிரித்தால் ஸ்கிரிப்ட் பிட் போன்ற அனுமதிக் குறிகள் தொலைந்துபோகும். வொர்க்பெஞ்சில் ஏயுஎக்ஸ் (AUX) என்று ஒரு கோப்பே உண்டு. அது விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட பெயர் என்பதால் அங்கே பிரச்சினைதான். பெயர்கள் 30 எழுத்துக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெமரியைப் பொறுத்தவரை, ஃபாஸ்ட் ராம் (பிராசஸருக்கு மட்டுமான மெமரி) சேர்த்தாலே வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சிப் மெமரியைக் கிராபிக்ஸ் சிப்புகளோடு பங்கு போடும் காத்திருப்பு பிராசஸருக்குக் குறைவதே காரணம். என்னைக் கேட்டால் சி.எஃப். கார்டுக்கு அடுத்த செலவு இதற்குத்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சாதாரண 8 எம்.பி. மெமரி கார்டும் பக்கவாட்டு பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டும் ஒரே முகவரி இடத்துக்குப் போட்டி போடும். பிற்பாடு ஸ்லாட் வழியாகக் கோப்பு ஏற்றும் எண்ணம் இருந்தால் மெமரி கார்டை 4 எம்.பி.க்கு ஜம்பர் மாற்றி வையுங்கள். 32 பிட் முகவரி உள்ள 68030 ஆக்சிலரேட்டர் (வேகமான பிராசஸர் கொண்ட கார்டு) வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் மெஷினைத் திறந்து கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். 1200-இல் அவற்றிலிருந்து உள்ளிருக்கும் திரவம் கசிவது சகஜம். சவுண்ட் மெலிந்தோ ஒரு பக்கம் மட்டுமோ கேட்டால், சால்டரிங் நன்கு தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிய பிறகே கார்டுக்குக் காசு போடுங்கள்.